நாலு அடி வழியும் தூங்கிப்போகும் லேப்டாப்பும்

ஐப்பசி 2, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டேன். செம்மேட்டில் என் கடையைத் திறக்கும்போது பத்தேகால். ஜெராக்ஸ் எடுக்க நாலு பேர் காத்திருந்து திட்டினார்கள்.

காரணம்: பெரியப்பா வேலி போட்டுவிட்டார். கல் கால், மூன்று வரிசைக் கம்பி. எங்கள் எட்டு வீட்டுக்காரர்கள் பஸ் ரோட்டுக்குப் போகிற வழி அவர் காட்டு ஓரத்தில்தான். இனி ஓடையில் இறங்கிச் சுற்ற வேண்டும். மற்றவர்களுக்குக் கால் மணி நேரம் கூடுதல். என் இடது கால் இரண்டு வயதிலிருந்தே இப்படி, கைத்தடியோடு எனக்கு முக்கால் மணி நேரம். ஓடையில் தண்ணீர் வந்தால் கடையே கிடையாது.

நேரில் கேட்டேன். "ஏனுங்க பெரியப்பா, தை நோம்பிக் கூட்டத்துல வழி வுடறேன்னு சொன்னீங்களே?"

"நான் எங்க கண்ணு சொன்னேன்? நீ கெனாக் கண்டிருப்பே."

கண்ணு என்று சொல்லிக்கொண்டே கம்பியை முறுக்குகிறார். இந்த நோட்டில் இனி அவர் பெ. முழுசாக எழுத மனசில்லை.

கனவா? அந்தக் கூட்டத்தை முழுக்க வீடியோ எடுத்தவளே நான்தான். கடையில் அந்த வீடியோ இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து லேப்டாப்பில் மாட்டினேன். ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடம். அவர் முகம், அவர் குரல், எல்லாம் இருக்கிறது. ஆதார் ஜெராக்ஸ் ஒரு கட்டு வந்தது, எழுந்து போனேன். திரும்பி வந்தால் லேப்டாப் தூங்கிவிட்டது. எழுப்பினால் டிஸ்க்கைக் காணோம். மாட்டியபடியே இருக்கிறது, ஆனால் காணோம்.

ஐப்பசி 3, செவ்வாய்

தூறல். ஊர்க்கவுண்டரைப் பார்த்தேன். ஊர்ப் பேச்சு எல்லாம் அவர் முன்னால்தான் தீரும். எனக்கு முன்பே பெ. போய்விட்டு வந்திருக்கிறார்.

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல செத்தவனையே பேச வெக்கறாங்களாமே சாமி. உங்க பெரியப்பன் அப்படித்தான் சொல்றான். ஞாயித்துக்கெழமை கோயில் முன்னால கூட்டம். கொண்டாந்து காட்டு. ஆனா முழுசாக் காட்டோணும். வெட்டி ஒட்டுனதுன்னா நான் ஏத்துக்க மாட்டேன்."

சரிதான், நியாயம்தான். முழுசாகவே காட்டுகிறேன்.

லேப்டாப்பில் ஏற்ற இடமில்லை, பாதி ஊரின் பாஸ்போர்ட் போட்டோ அதில்தான். பென் டிரைவ் "பைல் பெரிசு" என்று துப்புகிறது. ஆக, டிஸ்க் ஒன்றுதான். அது இன்றைக்கு விட்டுப்போன நேரம்:

10.40
11.35
1.20 (சாப்பிடப் போனபோது)
3.05

மலைக்குக் கீழே இருக்கும் சர்வீஸ் கடைக்குப் போன் போட்டேன். "எந்த ஊருங்க? கொல்லிமலையா? மலைன்னா அப்படித்தாங்க. ஈரம் ஏறியிருக்கும். டிஸ்க் முடிஞ்சுதுங்க, புதுசு போட்டர்லாம்."

கண்ணால் பார்க்கவில்லை. கையால் தொடவில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டதும் தீர்ப்பு. பஸ் வராததற்கு மலை, டாக்டர் தங்காததற்கு மலை, இப்போது டிஸ்க்குக்கும் மலை.

வீட்டில் தெரியாமல் ஈரம் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

ஐப்பசி 4, புதன்

காலையில் பையில் டிஸ்க் இல்லை. உயிரே போய்விட்டது. அம்மா அதைத் துணியில் சுற்றி அடுப்புக்கு மேல் பரணில், மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

"ஈரம்னு நீதானே சொன்னே? மொளகு காயற எடத்துல இது காயாதா?"

கத்திவிட்டேன். பாவம் அவள். கடையில் மாட்டிப் பார்த்தேன், ஓடுகிறது. மிளகு வாசனை மட்டும் போகவில்லை.

வேலை:
கேபிள் மாற்றினேன். அப்படியும் போகிறது.
ஒன்றை நாலாகப் பிரிக்கிற அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துவிட்டு நேராக லேப்டாப்பில் மாட்டினேன். அப்படியும் போகிறது.
இடது பக்கத் துளையிலிருந்து வலது பக்கம். அப்படியும்.

பிறகு நேற்று எழுதிய நேரங்களைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து போய் அரை மணி நேரம் கழித்துத்தான். ஈரம் கடிகாரம் பார்த்தா வரும்?

சோதனை. பக்கத்து டீக்கடை பாப்பாத்தி அக்காவை உட்கார வைத்து, மௌஸை அவ்வப்போது நகர்த்தச் சொன்னேன்.

"ஏம் புள்ள, தூங்கற கொழந்தைய எழுப்பிட்டே உக்காரச் சொல்றே?"

"ரெண்டு மணி நேரம் மட்டும் அக்கா."

"எங்கடைல பால் பொங்குனா நீதான் தொடைக்கோணும்."

இரண்டு மணி நேரம் ஒரு முறைகூட விடவில்லை. அக்காவை அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சரியாக அரை மணி. லேப்டாப் தூங்கியது, டிஸ்க் போனது. டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை. தூங்கும்போது லேப்டாப் அதற்குப் போகிற கரண்டையும் நிறுத்திவிடுகிறது. எழுந்த பிறகு திரும்பக் கொடுக்க மறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மலையில்லை. மலையில்லை. மலையில்லை. பெரிசாக எழுதி வைக்கிறேன்.

ஐப்பசி 5, வியாழன்

மழை. ஓடையில் முழங்கால் தண்ணீர். நடுவில் வழுக்கி விழுந்தேன். பையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன், அது நனையவில்லை. முட்டியில் ரத்தம். கரையில் உட்கார்ந்து அழுதேன். வலியில் இல்லை. அந்தப் பக்கம் மேட்டில் அந்த வேலி தெரிந்தது, அதனால்தான் அழுதேன்.

அழுத பிறகு கடைக்குப் போனேன்.

செய்தது, மறக்காமலிருக்க:
பவர் செட்டிங்கில் தூக்கம் "எப்போதும் வேண்டாம்".
ஹார்ட் டிஸ்க்கை நிறுத்தும் நேரம் பூஜ்யம்.
கருவிகள் பட்டியலில் யுஎஸ்பி ஒவ்வொன்றையும் திறந்து, "மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம்" என்ற இடத்தில் டிக்கை எடுத்தேன். ஆறு இடம். யாரைக் கேட்டு அனுமதி கொடுத்து வைத்திருந்தார்களோ.

ஐப்பசி 6, வெள்ளி

வெயில்! காலை முதல் மாலை வரை டிஸ்க்கை மாட்டியே வைத்தேன். ஜெராக்ஸ், லேமினேஷன், சாப்பாடு. எத்தனை முறை போய் வந்தாலும் அங்கேயே இருக்கிறது. கரண்டும் போகவில்லை.

சர்வீஸ் கடைக்குப் போன் போட்டேன். "மலை ஈரம் காஞ்சிருச்சுங்க. செட்டிங் மாத்துனேன், டிஸ்க் நல்லா இருக்குது."

"அப்படீங்களா."

"அடுத்த தடவ யாராச்சும் மலையிலிருந்து பேசுனா, பார்த்துட்டுச் சொல்லுங்க."

வைத்துவிட்டார். பாப்பாத்தி அக்காவின் டீ ஒன்று இலவசம்.

ஐப்பசி 7, சனி

எழுத நேரமில்லை. லேப்டாப்பை சார்ஜ் ஏற்றினேன், முட்டிக்கு மருந்து, நாளைக்குக் கட்டப் புடவை.

ஐப்பசி 8, ஞாயிறு

காய்ச்சல் போலிருக்கிறது. ஆனாலும் எழுதாமல் விடக்கூடாது.

கூட்டம் பத்து மணிக்கு. எங்கள் ஊரில் ஆண்கள் வட்டமாக உட்காருவார்கள், பெண்கள் பின்னால் நிற்போம், பெண்கள் கொண்டுவந்த பேச்சு கடைசியில். முதலில் ஆடு மேய்ந்த சண்டை. பிறகு கோயில் மண்டபத்து ஓடு. ஒன்றரை மணி நேரம். நான் வீடியோவைச் சரியாக அந்த இடத்தில் நிறுத்தி, லேப்டாப்பை மடியில் திறந்து வைத்தபடி பாறையில் உட்கார்ந்திருந்தேன். என்னைத்தான் கூப்பிடப்போகிறார்கள் என்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், திரையைப் பார்க்கவில்லை.

"வா சாமி, காட்டு."

திரை கருப்பு. எழுப்பினேன். டிஸ்க் இல்லை.

யாரோ சிரித்தார்கள். பெ. எழுந்து வேட்டியை உதறினார். "பார்த்தீங்களா? இருந்தாத்தானே காட்டும்! போ கண்ணு, ஊட்டுக்குப் போ."

பிறகு புரிந்தது. பவர் செட்டிங்கில் இரண்டு வரிசை. கரண்டில் ஓடும்போது ஒன்று, பேட்டரியில் ஓடும்போது ஒன்று. வியாழக்கிழமை நான் மாற்றியது முதல் வரிசை மட்டும். கோயில் முன்னால் பிளக் ஏது?

"அஞ்சு நிமிசம் இருங்க" என்றேன்.

"எத்தன நேரம் புள்ள?" யாரோ.

"வழிக்குப் பத்து மாசம் இருந்தோம். இதுக்கு அஞ்சு நிமிசம் இருக்க மாட்டீங்களா?"

இவ்வளவு சத்தமாக அந்த இடத்தில் ஒரு பெண் பேசி நான் கேட்டதில்லை. பேசியது நான்தான்.

லேப்டாப்பை முழுசாக அணைத்தேன். டிஸ்க்கைக் கழற்றினேன். இருபது எண்ணினேன். ஆன் செய்து, முதலில் அந்த இரண்டாவது வரிசையை மாற்றினேன், அவசரப்படவில்லை. பிறகு மாட்டினேன். விளக்கு எரிந்தது. டிஸ்க் வந்தது.

"மொதல்ல இருந்து போடறேங்க. முழுசா."

ஊர்க்கவுண்டர் நோம்பிக் கூட்டம் பூராவையும் பார்க்க வைத்தார். சத்தம் கம்மி. கேட்கவில்லை என்று பெண்கள் நெருங்கி நெருங்கி வட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடம், பெ. குரல்:

"கெழங்கு புடுங்குனதும் ஓரமா நாலு அடி வுட்டர்றேன். எம் புள்ள அந்தக் காலை வெச்சுட்டு ஓடையில எறங்கறதை என்னால பார்க்க முடியாதுங்க."

இந்தக் கடைசி வரியை நான் மறந்தே போயிருந்தேன். திங்கட்கிழமை அவர் முகத்தில் மட்டும் கண் வைத்திருந்தேன், காதில் விழவில்லை. பெ. தரையைப் பார்த்தார். இருந்தாலும் வழி வழிதான்.

"அதை அணை கண்ணு." மெதுவாகச் சொன்னார்.

"அணைக்க மாட்டேனுங்க. முடியட்டும்."

முடிந்தது. ஊர்க்கவுண்டர் சொன்னது ஒரே வரி: "புதன்கெழமைக்குள்ள நாலு அடி."

ஐப்பசி 11, புதன்

மூட்டம், மழையில்லை. முட்டி ஆறுகிறது.

மாலை பஸ்ஸிலிருந்து இறங்கினால் வேலி நகர்ந்திருக்கிறது. கல் காலைப் பிடுங்கிய குழிகளை மண் போட்டு மூடி, என் தடி இறங்காதபடி மிதித்துக் கெட்டியாக்கியிருக்கிறார். பெரியப்பாவேதான், அந்த ரப்பர் செருப்புத் தடம் எனக்குத் தெரியும். வீட்டுக்கு எட்டு நிமிடம். பாதி வழியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன், சும்மா.

பிறகு தடியை வைத்து அளந்தேன். மூன்றடிதான் இருக்கும். கொஞ்சம் கூட இருக்கலாம். நாலு இல்லை.

அம்மா: "வுடு சாமி, அவரே வுட்டுக் குடுத்திருக்காரு. நடக்க எடம் இருக்குதில்ல?"

நடக்க இடம் இருக்கிறது. நாலு அடி இல்லை.

நாளைக்குக் கடையிலிருந்து அளக்கிற டேப் கொண்டுவர வேண்டும். லேப்டாப் சார்ஜில் இருக்கிறது. பேட்டரி வரிசையையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டேன், தூங்காது.