செல்வராணி வீட்டுக்குப் போன சனிக்கிழமை

வராந்தாவில் குடைகள் காய்கின்றன. புதுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஈரத் துணியும் துருப்பிடித்த கம்பியும் புதுச் செருப்பின் ரப்பரும் கலந்த அந்த வாசனை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் நம் அறைக்குள்ளும் வந்து நிற்கிறது. கல்லூரி திறக்கிற வாரத்தில் நீ கதவருகே நின்று மூச்சை இழுத்து, "வந்தாச்சு, கேட்டியா. ஃபர்ஸ்ட் இயர் மணம்" என்பாய். இந்த வருஷம் நான் மட்டும் நின்று இழுத்துப் பார்த்தேன். வெளியே மழை, தூக்கத்தில் யாரோ பேசுவதுபோல, விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

நீ போன பிறகு எத்தனையோ முறை ஃபோனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன். இன்று எழுதியே விடலாம் என்று தோன்றியது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு வழி சொல்ல ஓர் அறை வேண்டும் என்று கல்லூரியில் முடிவானபோது, கணக்குத் துறையிலிருந்து என்னையும் தாவரவியலிலிருந்து உன்னையும் போட்டார்கள். அதுவரை நமக்குள் ஸ்டாஃப் ரூமில் பார்த்துச் சிரிக்கிற பழக்கம்தான். நான் ஸ்ரீவராகத்து அக்ரஹாரம். நீ ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிறவரின் மகள். ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் என் தமிழைக் கேட்டு நீ சிரிப்பாய், உன் தமிழைக் கேட்டு நான். "நேரமாச்சுடி, ஆத்துக்குப் போறேன்" என்று நான் சொன்னால், "எந்த ஆத்துக்கு? கரமனை ஆத்துக்கா?" என்று கேட்பாய். எத்தனை தரம் கேட்டாலும் உனக்கு அது அலுத்ததே இல்லை.

உடைந்த நாற்காலிகளை வெளியே போட்டு, சுவருக்கு நீயே சுண்ணாம்பு அடித்தாய். சன்னலுக்கு வெளியே ஒரு பலாமரம். பிள்ளைகள் வருவார்கள். எந்தப் பேப்பர் எடுப்பது, எடுத்ததை எப்படி மாற்றுவது, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, ஊருக்கே போய்விடட்டுமா. நான் உடனே பேனாவைத் திறந்துகொண்டு பதில் சொல்ல ஆரம்பிப்பேன். நீ பலாமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய். "நீ கேட்டியானா கேட்டதுக்கு மட்டும் பதில் வரும். சும்மா இருந்தா மத்தது வரும்" என்று ஒருமுறை சொன்னாய். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. இப்படியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வரிசை எப்போது நகரும் என்று நினைத்தேன்.

செல்வராணி என் பொறுப்பில் இருந்த பெண். வித்துராவுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் அம்மாவுக்கு வேலை. ஒல்லியாக, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலையோடு வருவாள். கணக்குப் பாடத்தை அவளே விரும்பி எடுத்திருந்தாள். நான் எதைச் சொன்னாலும், "மனசிலாச்சு டீச்சர்" என்பாள். விளங்கிவிட்டது என்பதை நம் ஊரில் தமிழ்ப் பிள்ளைகளும் அந்த மலையாளச் சொல்லால்தான் சொல்லுகிறார்கள். இந்தப் பெண்ணைப் பற்றிக் கவலையே இல்லை என்று உன்னிடம் சொல்லியிருந்தேன்.

முதல் பரீட்சை முடிந்தது. அதன் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள் ஹாஸ்டலில். ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை. இன்னும் சில நாள் போனால் வருகைக் குறைவில் பெயரை எடுத்துவிடுவோம் என்று துறைத் தலைவர் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு ரூல் இருந்தது. நான் வந்து உன்னிடம் புலம்பினேன். நீ சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "சனிக்கிழமை உனக்கு என்ன வேலை?" என்றாய்.

"ஒண்ணுமில்லே. ஏன்?"

"ஸ்வெட்டர் எடுத்துக்கோ."

அந்தச் சனிக்கிழமை இப்போது எனக்குக் கனவுபோலத்தான் நினைவுக்கு வருகிறது. தம்பானூரில் பஸ் ஏறியபோது வெயில் அடித்தது. நெடுமங்காடு தாண்டியதும் வெளிச்சம் பச்சையாகிவிட்டது. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக வந்து சன்னலில் தலையை நீட்டிப் போயின. நீ என் தோளில் சாய்ந்து தூங்கினாய். வித்துரா வருமுன் திடுக்கிட்டு எழுந்து, "ஏட்டி, ஒரு கனவு. நம்ம ரெண்டு பேரும் ஃபர்ஸ்ட் இயர். பாவாடையெல்லாம் நனைஞ்சு கெடக்கு. க்ளாஸ் எங்கேன்னு தெரியல்ல. கதவு கதவாத் தொறந்து பாக்கோம், எல்லா ரூம்லயும் மழை பெய்யுது" என்றாய்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. உனக்கு வழி தெரியும்னு நெனச்சு நான் உன் பொறத்தால வாறேன். நீ என் பொறத்தால வாறே."

வித்துராவில் இறங்கி சாயா குடித்துவிட்டு, போனக்காட்டுப் பக்கம் போகிற பஸ்சுக்குக் காத்திருந்தோம். மேலே போகப் போகப் பனிமூட்டம். பஸ் நின்ற இடத்தில் ஒரு பெரியவரிடம் கேட்டுக் கேட்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தைக் கண்டுபிடித்தோம். ஒட்டினாற்போல நீளமாக வீடுகள். அதில் ஒன்றின் வாசலில் ஒரு அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நாம் யார் என்று சொன்னதும் முகம் மலர எழுந்தாள்.

"காலேஜ் லீவு விட்டா டீச்சர்மாரும் மலை பாக்க வருவீங்களா? இவளும் லீவுன்னுதான் வந்தா. வாங்க, வாங்க."

அவளுக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு செல்வராணி நின்றிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. லீவு இல்லை என்ற சொல் என் வாயில் பாதி வந்துவிட்டது. அதற்குள் நீ செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஆமாக்கா. பொன்முடி பாக்கணும்னு எறங்கினோம். பிள்ளை வீடு இங்கதானே, ஒரு கட்டஞ்சாயா குடிச்சிட்டுப் போலாம்னு தோணிச்சு" என்றாய். குடம் மெதுவாகத் தரையில் இறங்கும் சத்தம் கேட்டது.

பால் இல்லாத அந்தச் சாயாவை நாம் குடித்து முடிக்கிறவரை அந்த அம்மாள் மகளைப் பற்றியே பேசினாள். க்ளாஸில் அவள்தான் முதல் என்று லயம் முழுக்கத் தெரியுமாம். நீ ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாய். பிறகு, "செல்வராணி, எங்களுக்கு இந்தத் தேயிலைக்காட்டைக் காட்டித் தா" என்று எழுந்தாய்.

செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் அவள் முன்னால் நடந்தாள். நான் வருகைக் குறைவைப் பற்றிப் பேச்செடுத்தேன். நீ என் விரலைப் பிடித்து அழுத்தினாய். மூவரும் சும்மா நடந்தோம். அப்போது சரிவிலிருந்து மூட்டம் ஏறி வந்தது. முதலில் செடிகள் மறைந்தன, பிறகு உன் சேலை, பிறகு அவள். பால்போன்ற ஒரு வெண்மைக்குள் நான் மட்டும் நிற்பதாக இருந்தது. அந்த வெண்மைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"நான் ஃபர்ஸ்ட்டுன்னு அம்மாட்ட பொய் சொல்லிட்டேன் டீச்சர். பேப்பர்ல ஒண்ணுமே எழுதல்ல."

அவள் காலடிச் சத்தம் நின்றது.

"எல்லா டீச்சர்மாரும் போர்டுல எழுதிட்டு, இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சதுதானேன்னு கேப்பாங்க. சுத்தி எல்லாரும் தலையாட்டுவாங்க. எனக்கு மட்டும் தெரியாது. மனசிலாச்சுன்னு சொன்னா டீச்சர் அடுத்த ஆள்ட்ட போயிருவாங்க. அதான் அப்டிச் சொல்லுவேன்."

"தலையாட்டுனவங்களுக்கெல்லாம் தெரியும்னு உன்கிட்ட யாரு சொன்னா மக்களே?" என்றது உன் குரல். "நானும் டிகிரி முழுக்கத் தலையாட்டுனவதான். கெமிஸ்ட்ரி க்ளாஸ்ல என்னைப்போல ஆட்ட ஆளே கிடையாது."

பிறகு, மூட்டத்துக்குள் எங்கிருந்தோ, சின்னதாக ஒரு சிரிப்பு. அழுகை கலந்த சிரிப்பு. ஆனால் சிரிப்புதான்.

"அம்மாட்ட சொல்லிராதீங்க டீச்சர்."

"நாங்க சொல்ல மாட்டோம். அது நீ சொல்ல வேண்டியது. இன்னைக்கே சொல்லணும்னும் இல்ல. திங்கக்கிழமை வா. வர முடியல்லன்னா அதுக்கடுத்த நாளு வா. ரூம் எங்கேயும் போகாது."

திரும்பும் பஸ்சுக்கு நாம் நின்றபோது அம்மாவும் மகளும் இறங்கி வந்தார்கள். மகளின் கண் வீங்கியிருந்தது. சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது. அந்த அம்மாள் உன் பக்கத்தில் வந்து நின்று, மெல்லச் சொன்னாள்: "லீவு இல்லேன்னு எனக்கும் தெரியும் டீச்சரே. மார்க்கு எனக்கென்ன தெரியும்? அவ தூங்காமக் கெடந்தது தெரியும். அவளாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தோம். "நம்ம வராட்டாலும் அவ சொல்லியிருப்பா, இல்லையா?" என்று கேட்டேன். "தெரியல்ல. ஆனா நம்ம வந்தது நல்லதாச்சு. ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் காத்துக்கிட்டே இருந்திருப்பாங்க" என்றாய்.

அவள் திங்கட்கிழமை வரவில்லை, செவ்வாய்க்கிழமை வந்தாள். வருகைக் குறைவை மன்னிக்கச் சொல்லி நீ துறைத் தலைவரின் அறைக்கும் முதல்வர் அறைக்கும் நடந்தாய். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். மாலையில் நம் அறையில் நான் அவளுக்குப் பள்ளிக்கூடக் கணக்கிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுத்தேன். பாதி தமிழ், பாதி மலையாளம். இரண்டாம் நாள் வாசலில் இன்னொரு பெண் தயங்கி நின்றாள். நன்றாகப் படிக்கிறவள் என்று நான் நினைத்திருந்தவள். அவளுக்குப் பின்னால் வேறு சிலர். எல்லாரும் தலையாட்டியவர்கள். நீ அவர்களுக்குத் தலையாட்டிச் சங்கம் என்று பெயர் வைத்து, ஆரியசாலைக் கடலை மிட்டாயைப் பிரித்து வைத்தாய். செல்வராணி அந்தக் கணக்குப் பேப்பரில் முதல் தடவை தோற்றாள். "இது தெரிஞ்சதுதானே. அடுத்த தடவை எழுதிரலாம்" என்றாய். எழுதினாள், பாஸானாள்.

பிறகு இந்த மே மாதம். கல்லூரி பூட்டிக் கிடந்தது. காலையில் கடையில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்த உன்னை மதியத்துக்குள் இதயம் கைவிட்டது. நான் வந்தபோது அந்தத் தெரு முழுக்க மிளகாய் நெடி. எல்லாருக்கும் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. எதற்கு என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

விடுமுறை என்பதால் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. கல்லூரி திறந்ததும் ஒவ்வொருவராக வாசலில் எட்டிப் பார்த்து, "டீச்சர் வரல்லியா?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் நின்றுகொண்டு சொன்னேன். பிறகு, அவர்களை உட்கார வைத்துவிட்டுச் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

செல்வராணியும் வந்தாள். எல்லாப் பேப்பரும் பாஸ் என்று உன்னிடம் சொல்ல வந்திருந்தாள். கையில் அம்மா உனக்குக் கொடுத்துவிட்ட தேயிலைப் பொட்டலம். நான் சொன்னதும் அவள் அழவில்லை. உன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். பலாவின் அடிமரத்தில் காய் பிடித்திருந்தது. எனக்குப் பேச வேண்டும் என்று தோன்றவே இல்லை. எவ்வளவு நேரம் போயிற்று என்றும் தெரியவில்லை. வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ வருஷத்தில் இருவரும் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"அம்மாட்ட நான் எப்டிச் சொல்லுவேன் டீச்சர்?" என்றாள் கடைசியில்.

"நான் வரட்டுமா? சேர்ந்து போய்ச் சொல்லலாம்" என்றேன்.

போன சனிக்கிழமை போனோம். அந்த அம்மாள் வாசலிலேயே என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினாள். பிறகு மகள் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் வாய் திறக்கும் முன்பே தலைத்துணியை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டாள்.

இன்று புதுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஹாலில் கூட்டம். வழக்கமாக நீதான் பேசுவாய், முதலில் மலையாளத்தில், பிறகு தமிழ்ப் பெற்றோருக்காகத் தமிழில். இந்த முறை என்னை ஏற்றிவிட்டார்கள். பாட மாற்றம், ஹாஸ்டல், உதவித்தொகை, எல்லாம் சொன்னேன். மைக்கை வைக்கப் போகும்போது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். கட்டட வேலைக்காரர் என்று கை சொல்லியது. பக்கத்தில் மகள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அம்மா, எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காக இங்க கெடக்கோம். எனக்குப் படிப்பு கிடையாது. இவளுக்கு ஒண்ணு வெளங்கலன்னா எங்க வந்து கேக்கணும்? யாரு இருப்பாங்க?"

ஹாலில் சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் தலை இன்னும் குனிந்தது. நான் படியிறங்கி அவர்கள் வரிசை வரைக்கும் நடந்துபோனேன். மைக் இல்லாமலே, வகுப்புக் குரலில் சொன்னேன்.

"மாடிப்படிக்குக் கீழே ஒரு ரூம் இருக்கு. எப்ப வேணும்னாலும் வரலாம். நாங்க ரெண்டு பேரும் அங்கதான் இருப்போம்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. முன்வரிசையில் நம் கல்லூரி டீச்சர்மார் திரும்பிப் பார்த்தார்கள். நான் திருத்தவில்லை.