முட்டிக்கு அடியில் ஒரு தலையணை

மாமாவுக்கு,

கட்டின புருஷனுக்கு எழுதும் கடிதத்தை "அன்புள்ள" என்று தொடங்க வேண்டுமாம். எனக்கு மனம் வரவில்லை.

என் கால் மாவுக்கட்டைப் பிரித்த அன்றே செபஸ்தியம்மா நர்ஸ் உங்களிடம் என்ன சொன்னார்? "தெனமும் முட்டிய மடக்கி நீட்டச் சொல்லுங்க. கத்துனாலும் உடாதீங்க." நீங்கள் தலையாட்டினீர்கள்.

வீட்டில் நான் ஒருமுறை கத்தியதும், "வேணாம் புள்ள, படுத்துக்கோ" என்று முட்டிக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணையை வைத்தீர்கள். கொல்லைக்குக்கூட என்னைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். நர்ஸ் விசாரித்தபோது, "தெனம் செய்யறாங்க" என்று பொய் வேறு!

மூன்று மாதத்தில் முட்டி அந்தத் தலையணை மேலேயே மடங்கி இறுகிவிட்டது. இப்போது ஆஸ்பத்திரியில் மணல் மூட்டையை வைத்து அழுத்தி நீட்டுகிறார்கள். அன்று கத்தாததையெல்லாம் சேர்த்து இன்று கத்துகிறேன். உங்கள் காதில் விழாது, நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

குந்தாரப்பள்ளி வளைவில் நீங்கள் லாரியைக் கவிழ்த்து என் கால் ஒடிந்ததைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இனியும் கேட்கமாட்டேன். அது கண் மூடித் திறப்பதற்குள் நடந்தது. தலையணையை நீங்கள் தினமும் தட்டித் தட்டி வைத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியிலேயே நில்லுங்கள். வராந்தாவிலிருந்து நான் நடந்து வருவேன். விழுந்தால் நானே எழுந்துகொள்வேன். ஓடி வந்து தூக்கினீர்களோ, அதோடு நமக்குள் பேச்சில்லை.

இப்படிக்கு,
நொண்டியாகப் போகாத
உங்கள் பெண்டாட்டி