நடவுக்கு ஐந்து படிகள்

புரட்டாசி 3, வெள்ளி
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. திங்கட்கிழமை மயிலாடுதுறை கம்ப்யூட்டர் சென்டரில் மாதிரி வகுப்பு. சென்டர் நடத்தும் மேடம் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்ப்பாராம். பிடித்தால் வேலை நிச்சயம். தலைப்பு அல்காரிதம். புத்தகத்தில் 'முடிவுள்ள படிகளின் வரிசை' என்று இருக்கிறது. அதென்ன முடிவுள்ள? மூன்று தடவை படித்தும் ஏறவில்லை.

சனி
வாங்க: பால், மிளகாய்த்தூள், சாக்பீஸ்.
புத்தகத்தில் டீ போடும் உதாரணம். வேண்டாம். நான் நடவை எடுத்துக்கொண்டேன். பி.எஸ்சி. முடிக்கும்வரை லீவெல்லாம் வயலில்தானே.
1. நாற்றுக்கட்டை இடது கையில் எடு.
2. மூன்று நாற்று பிரி.
3. சேற்றில் ஊன்று.
4. ஓரடி பின்னால் வை.
5. திரும்ப 2-க்குப் போ.

ஞாயிறு
என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "கட்டு தீந்துட்டா வெறுங்கையாலயா நடுவ?" என்றார். எரிச்சலாக வந்தது, ஆனால் சரிதான். 'தீர்ந்தால் அடுத்த கட்டை எடு' சேர்த்தாயிற்று. இனி ஓட்டையில்லை.

திங்கள்
வெயில். பதினோரு பிள்ளைகள். "நான்தான் கம்ப்யூட்டர். போர்டுல இருக்கறத மட்டும்தான் செய்வேன்" என்றேன். அவர்கள் வாசிக்க, நான் குனிந்து பென்சிலை நாற்றாக வைத்துக்கொண்டே பின்னால் போனேன். போனேன், போனேன். மேடம் நாற்காலியில் போய் இடித்தேன்.
"எப்ப மிஸ் நிறுத்துவீங்க?" ஒரு பெண் கேட்டாள்.
போர்டில் அது இல்லை. வயலில் குதிகாலில் வரப்பு தட்டும், நிமிர்ந்துவிடுவோம். அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எழுதவும் தோன்றவில்லை. முகமெல்லாம் சூடு.
பிள்ளைகள் போனதும் மேடம், "நல்லா இருந்துச்சுங்க. வேணும்னேதான அந்தப் படிய விட்டீங்க? பிள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும்னு?"
தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. வேலை நிச்சயம். பஸ்ஸில் சந்தோஷமே வரவில்லை.

செவ்வாய்
மேடம் போன். "நாளைக்கு ரெண்டாவது பேட்ச். அதே மாதிரி அந்தப் படிய விட்டுட்டே நடத்துங்க. நானும் வந்து பாக்கறேன்." சரிங்க என்றேன். எனக்கு என்ன ஆயிற்று? நாளைக்கும் இடிக்கவேண்டும், நாளை மறுநாளும். எங்கே நிறுத்துவது?
வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிக்கிறார். எனக்கு அழுகை வருகிறது.

புதன், காலை
1. சீக்கிரம் கிளம்பு.
2. நேரே மேடம் அறைக்குப் போ.
3. 'அந்தப் படியை மறந்துதான் போனேன்' என்று சொல்.
4.