காலையில் நீங்கள் ஊற்றிய தண்ணீர்

என் அப்பாவே, எங்கிருந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்து இதைக் கேளுங்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் காரியம் முடிந்து நான் மறுபடி காரில் சேலத்துக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கி ஆறு நாள் ஆகிறது. இன்று விடுமுறை. அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற, திருச்செங்கோட்டிலிருந்து சேலம் அஸ்தம்பட்டிக்குக் கிளம்பினோம். மகுடஞ்சாவடி வருவதற்குள் காரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அலைமேல் சிறு தொட்டி மிதப்பதுபோல ஒரு படம். கார் வாங்கிய மூன்று வருடத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, காரோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறைந்திருக்கிறதாம், சூட்டில் அதன் தொட்டி மூடியைத் திறக்கக் கூடாதாம். எதற்கெடுத்தாலும் புத்தகமா என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். அதற்குள் அம்மா சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பாட்டிலை எடுத்தாள்.

"தண்ணி கேக்குது கண்ணு. இந்தா, உங்கப்பா வெச்சது."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீ குளிக்கப் போனதும் தெனமும் ஊத்துவாருல்ல. உங்கிட்டச் சொன்னா, பயந்துக்கிட்டுக் காரே வேண்டாம், சேலத்துலயே ரூம் எடுத்துக்கறேம்ப. புள்ள பொழுதோட ஊட்டுக்கு வரோணும்னுதான்..."

"எத்தனை நாளா?"

"ஆடில இருந்து."

ஆடியிலிருந்தா அப்பா? இப்போது கார்த்திகை நடக்கிறது.

அரை மணி நேரம் ஆறவிட்டோம். துணியைப் போட்டு மூடியைத் திறந்தேன். தொட்டியில் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. பாட்டிலை அதில் கவிழ்த்துவிட்டு, மெதுவாக ஓட்டி மகுடஞ்சாவடியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"லாரிக்காரர் வண்டிங்களா?"

"எங்கப்பா போர் போடற ரிக் லாரி ஓட்டுனாருங்க."

"அதானே பாத்தேன். லாரிக்காரங்கதான் இப்படி வெறுந்தண்ணி ஊத்துவாங்க. கூலண்ட் பேருக்குக்கூட இல்லீங்க, பூரா போர் தண்ணி. உள்ள உப்பு பூத்துக் கெடக்குது." எங்கோ காற்றடித்துச் சோதித்து, தண்ணீர் பம்பின் ஓரத்தில் துளிர்த்த ஒரு சொட்டைக் காட்டினார். "ஒழுகறது இங்கதான். தெனமும் ஊத்துனா வெளக்கு எரியாதுங்க. ஒழுகறது நிக்குமா? இன்னுங்கொஞ்சம் ஓட்டியிருந்தா இன்ஜினே போயிருக்கும்."

நான் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வேற எதையெல்லாம் எங்கிட்டச் சொல்ல வேண்டாம்னாரு?"

அம்மா காலிப் பாட்டிலை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நெஞ்சு அடைக்குதுன்னாரு. மூணு நாலு தடவ. சோடா குடிச்சாச் செரியாப் போகுதுன்னு..."

அப்பா, உங்களுக்கு மாரடைப்பு திடீரென்று வந்தது என்றுதானே நினைத்திருந்தேன். நான் குளித்துவிட்டு வரும்போது கார் பானட் மூடியிருக்கும். "பாத்துப் போ சாமி" என்பீர்கள். சில நாள் உங்கள் கை மார்பில் இருக்கும். ஈரத்தைச் சட்டையில் துடைக்கிறீர்கள் என்று நினைத்தேன். அது நெஞ்சு அடைத்ததா அப்பா? அந்தச் சில நாள்களில் ஒருநாளாவது நான் நின்று கேட்டிருந்தால், சொல்லியிருப்பீர்களா?

அம்மா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "கண்ணு, எனக்கும் ஒரு மாசமா எடது கை மரத்து மரத்துப் போகுது. உங்கப்பாகிட்டக்கூடச் சொல்லல."

காரை அங்கேயே விட்டுவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினோம். கண்ணாடிக் கடைக்குப் போகவில்லை. மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அம்மாவை உள்ளே ஈசிஜி எடுக்கக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

இனி தினமும் இன்ஜின் சூடாகும் முன் நானே பானட்டைத் திறந்து பார்ப்பேன். நூலளவு குறைந்தாலும் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வேன். அவளிடமும் தினமும் கேட்பேன். "ஒண்ணுமில்ல கண்ணு" என்றால், இன்னொரு தடவை கேட்காமல் சாவியைத் தொடமாட்டேன்.

கதவு திறக்கிறது. என்னைக் கூப்பிடுகிறார்கள்.

இப்படிக்கு,
காலையில் குளித்துவிட்டு வந்து, எதையும் கேட்காமல் கிளம்பிப்போன உங்கள் மகள்