நான் நிறுத்தி வைத்த பீப் சத்தம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், இங்கே சுகம் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும், சொன்ன பொய்யே போதும். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தை இன்னும் பிரிக்கவே இல்லை. அவள் என்னோடு பேசிப் பதினோரு நாளாகிறது, தட்டை வைக்கிற சத்தத்திலேயே எனக்குச் சேர வேண்டிய மரியாதை வந்துவிடுகிறது. போனில் நீ, "சித்தி நிஜமாவே எடுக்கலையாப்பா?" என்று கேட்டாய். உனக்கு டைபாய்டு வந்தபோது மூன்று வாரம் உன்னை மடியிலிருந்து இறக்காதவளைப் பற்றி இப்படிக் கேட்கிறாயே என்று உன்மேல் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், உன்னை அப்படிக் கேட்க வைத்ததே நான்தான்.

அந்த ஆறு மாடி வணிக வளாகத்தில் கேமரா பராமரிப்பு என்னுடையது, சித்தியை அங்கே துப்புரவு வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். இரண்டாவது மாடிக் கடிகாரக் கடையில் ஒரு கைக்கடிகாரம் காணாமல் போனது, அந்த நேரத்தில் வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தவள் இவள், அது போதாதா அவர்களுக்கு. இவள் அழவில்லை, மேனேஜர் முன்னால் நிமிர்ந்து நின்று, "எங்க அத்தான் பாத்துக்கிற கேமரா இருக்கு சார், போட்டுப் பாருங்க, நான் அந்தக் கடைக்குள்ள காலே வைக்கல" என்றிருக்கிறாள். போட்டுப் பார்த்தால் அன்றைய பதிவு இல்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான், "அன்னிக்கு கரண்ட் ஏறி இறங்கியிருக்கு சார்" என்றேன். அவ்வளவுதான், மைத்துனியைக் காப்பாற்ற அத்தானே அழித்துவிட்டான், வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று வாசல் காவலாளி வரைக்கும் பேச்சு. அன்று மாலையே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

உண்மை இதுதான். நான்கு மாதம் முன்பு ஒரு கேமராவின் ஒயர் அறுந்து ரெக்கார்டர் பீப் பீப் என்று கத்தியது, மேனேஜர் தலைவலி என்று கத்தினார், நான் சத்தத்தை நிறுத்தி வைத்தேன். ஒயரைச் சரிசெய்தேன், சத்தத்தைத் திரும்பப் போட மறந்தேன். அப்புறம் பதிவு செய்கிற ஹார்ட் டிஸ்க் செத்தபோது கத்துவதற்கு ரெக்கார்டருக்கு வாயில்லை. கடிகாரம் போவதற்குப் பத்தொன்பது நாள் முன்பே செத்துவிட்டது, நடுவில் மாதாந்திரப் பரிசோதனைக்கு நானும் போயிருந்தேன். முந்தின நாள் பதிவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது முறை. முப்பத்திரண்டு கேமராவுக்கும் ஓட்டுவதற்குச் சோம்பல்பட்டு, டிவியில் நேரடிப் படம் பளிச்சென்று தெரிந்ததைப் பார்த்து, பரிசோதனைப் புத்தகத்தில் பதிவு சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தேன். நேற்றைக் காட்டத் துப்பில்லாதது இன்றைக்கு எவ்வளவு பளிச்சென்று இருந்து என்ன பயன்?

இதைச் சொன்னால் ஒப்பந்தம் போய்விடும் என்று மென்று முழுங்கிவிட்டேன். சித்தி வீட்டுக்கு வந்து, "விடுங்க அத்தான், கரண்ட் போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். அவள் போன பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், "அங்க போய்ச் சொல்லிட்டு வந்து எங்கிட்டப் பேசுங்க" என்றாள், அதுதான் கடைசிப் பேச்சு.

டிஸ்க் நின்ற தேதியும் சத்தத்தை நிறுத்திய தேதியும் ரெக்கார்டரிலேயே இருக்கின்றன, அச்செடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை மேனேஜர் மேசையில் வைப்பேன். வேலை போகும், நான் கேமரா பார்க்கிற மற்ற இரண்டு கட்டடமும் போகலாம், போகட்டும். திருடி என்ற பேர் அதனால் முழுசாகத் துடைபடுமா என்றுகூடத் தெரியவில்லை, கடிகாரம் இன்னும் கிடைக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நீ நல்லா இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லாவிட்டாலும் அவள் சார்பிலும் வாழ்த்துகிறேன். எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் சித்திக்குப் போன் பண்ணு. பரிசோதனைப் புத்தகத்தில் இருக்கிற அதே கையெழுத்துதான் கீழே இருப்பதும், இதை மட்டும் முதல் வரியிலிருந்து படித்துப் பார்த்துவிட்டுப் போட்டிருக்கிறேன்.

உன் அப்பா