சினை ஊசி போட்ட முப்பத்திரண்டாம் நாள்

ஐயம்பேட்டை
ஞாயிறு மாலை

அன்புள்ள அனுவுக்கு அப்பா எழுதுவது. நீ முதலில் எதைக் கேட்பாய் என்று தெரியும், அதனால் சொல்லிவிடுகிறேன், இரண்டு வேளை பொங்கிச் சாப்பிடுகிறேன், காஞ்சிபுரத்து லேபுக்கும் ஒழுங்காகப் போய் வருகிறேன். நீயும் அங்கே திருநெல்வேலி கால்நடைக் கல்லூரி ஹாஸ்டலில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் எனக்கு 'ம்', 'சரி' தவிர வேறு வார்த்தை வருவதில்லை, நீ கோபித்துக்கொள்வது நியாயம்தான், அதனால் எழுதுகிறேன்.

நம் பசு சிவப்பிக்குச் சினை நின்றிருக்கிறது. நீ கூரியரில் அனுப்பிய, ரத்தத்தில் சினை பார்க்கும் கிட்டில் இன்று காலை பார்த்தேன். ஊசி போட்டு முப்பத்திரண்டு நாள். உங்கம்மா அந்தப் புதன்கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு 'சிவப்பி ஊசி' என்று எழுதி வைத்தாள், சனிக்கிழமை அவளே இல்லை. ஊசி போட்ட இருபத்தோராம் நாள் நீ போன் பண்ணாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் குப்புசாமி அண்ணன் வந்து, "விமலு, மாடு கத்திக்கினே இருக்குதுபா, தறியில ஒக்காந்தா இழைக் கணக்கே நிக்கமாட்டேங்குது, இருபத்தோரு நாளாச்சில்ல, திரும்பப் பருவத்துக்கு வந்திருக்குது, ஊசி போடச் சொல்லு" என்றார். தினமும் ஊர்க்காரர் ரத்தத்தையெல்லாம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவன், எதையும் பார்க்காமல் சரி என்று சொல்லி, சினை ஊசி போடும் லோகேஷை வரவழைத்துவிட்டேன். அவன் கையில் உறை மாட்டி நிற்கும்போதுதான் நீ கூப்பிட்டாய். எப்போதிலிருந்து கத்துகிறது என்று கேட்டாய், எனக்குத் தெரியவில்லை. அண்ணனைக் கேட்டேன். "லில்லி போன மறுநாள்லேர்ந்து கத்திக்கினுதான் இருக்குது, ஒனக்குத்தான் காது கேக்கல" என்றார். பருவம் என்றால் ஒரு நாளில் அடங்கிவிடும், இத்தனை நாள் கத்தாது, சினையாக இருந்து மறுபடி ஊசி போட்டால் கலைந்துவிடும், கொஞ்சம் பொறுத்து ரத்தம் பார்க்கலாம் என்றாய். லோகேஷ் உறையைக் கழற்றிக்கொண்டே, "டாக்டரம்மா இன்னும் பாஸே ஆவல, அதுக்குள்ள ஆர்டரா" என்று சிரித்தான்.

இன்று வாலைத் தூக்கிப் பிடித்ததும் அவன்தான். "சார், கைய மடக்குங்கன்னு மாட்டாண்ட சொல்லிடாதீங்க" என்றான். வாலுக்கு அடியில் குத்தியபோது சிவப்பி அசையவில்லை. கன்று போட்ட புதிதில் பழைய சினையின் புரதமே ரத்தத்தில் மிச்சமிருந்து ஏமாற்றும் என்று சீட்டில் எழுதியிருந்தாயே, அதையும் சரிபார்த்தேன், போன கன்று போட்டு ஐந்து மாதம் ஆகிவிட்டது. கிட்டில் ரத்தச் சொட்டு விட்டு இருபது நிமிடம் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது கோடு மெதுவாக வந்தது. லோகேஷ்தான் முதலில் பார்த்தான், எனக்குக் கண் மங்கிவிட்டது. ஒரு மாதத்தில் இன்றுதான் அழுதேன் அனு, அதற்கும் உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். உங்கம்மா கடைசியாகச் செய்துவிட்டுப் போன வேலையை நானே அழித்திருப்பேன், நீ தடுத்தாய். குழாயில் பெயர் எழுதும்போது மாட்டுக்காரர் என்ற இடத்தில் கை தானாக அம்மா பெயரை, லில்லி என்றே எழுதிவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

பால் சொசைட்டிக்குப் போய் அம்மா திரும்பி வருவாளே, அந்த நேரத்துக்குத்தான் சிவப்பி அதிகமாகக் கத்துகிறது. இப்போது எனக்குக் கேட்கிறது. அம்மாவின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நின்றால் கொஞ்சம் அடங்குகிறது.

வேளைக்குச் சாப்பிடு, பரீட்சைக்காகக் கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கரு நடுவில் தங்காமலும் போகலாம், அறுபதாம் நாள் மறுபடி பார்க்க வேண்டும் என்றாயே, அதற்கு லீவு சொல்லிவிட்டு நீயே வா, வாலை நான் பிடிக்கிறேன். கர்த்தர் உன் படிப்பிலும் கையிலும் துணையிருப்பார்.

இதோ கத்துகிறது, போகிறேன்.

உன் அப்பா,
விமல்ராஜ்