ஆம்ப்ளிபயருக்கு வால்வு மாற்றிய வைபவம்

காரைக்குடி
28.12.1974

சென்னைப் பட்டணத்தில் கிட்டார் வாசித்துக் கீர்த்தி பெருக்கிக்கொண்டிருக்கும் என் அக்காள் மகன் மருதுவுக்கு, உன்னால் இரண்டு விரல் வெந்து, பாதி மீசை பொசுங்கி, ஆனாலும் உயிரோடிருக்கும் தாய்மாமன் மலையாண்டி ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கே மழை ஏமாற்றிவிட்டது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். செவலைப் பசு கிடேரிக் கன்று ஈன்றிருக்கிறது. உன் அப்பா நலம். அவரைப் பற்றி நீ விசாரிக்கவில்லை, நானாக எழுதுகிறேன்.

நீ என்ன லேசான காரியமா சொன்னாய்? புதுக் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது, சொந்த ஆம்ப்ளிபயர் இருந்தால்தான் சேர்ப்பார்கள், தை பத்துக்குள் வேண்டும் என்றாய். உள்ளறையில் மூன்று வருஷமாகக் கிடக்கும் உன் பெட்டியைத் திறந்து, அப்போதே இரைந்துகொண்டிருந்த சின்னக் கண்ணாடி வால்வுகளை மாற்றி, லாரியில் போட்டுவிடச் சொன்னாய். அதோடு நிறுத்தினாயா? 'அது வந்துவிட்டால் அந்த வீட்டில் என் சாமான் என்று ஒன்றுமில்லை' என்று கடைசியில் ஒரு வரி. உன் அம்மாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். இன்னும் செரிக்கவில்லை.

அப்புறம் நீ அனுப்பிய கட்டளைகள். ஸ்பீக்கர் பெட்டியை மாட்டாமல் சுவிட்சைப் போடாதே. சுவிட்சை அணைத்த உடனே உள்ளே கை விடாதே. கை விடும்போது இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். வால்வைத் திருகாதே, லேசாக அசைத்து நேராக மேலே இழு. தாலி கட்டும் மாப்பிள்ளைக்குக்கூடப் புரோகிதர் இத்தனை சொல்வதில்லை.

முதலில் ஸ்பீக்கர் பெட்டியைத் தேடினேன். உன் அம்மா அதன்மேல் பதினோரு ஊறுகாய் ஜாடிகளைக் குடியேற்றியிருந்தாள். "ஏண்டா, அது சும்மாதானே கெடக்கு, நான் எங்குட்டுப் போயி வைக்கிறது?" என்று சண்டைக்கு வந்தாள். ஒவ்வொரு ஜாடியாக இறக்கினேன். எலுமிச்சையும் நார்த்தையும் வழிந்து என் வேட்டியில் ஏறிய கறை ஏழு ஜென்மத்துக்கும் போகாது.

அடுத்தது வால்வு. பன்னிரண்டு ஏ-எக்ஸ் ஏழு என்று நீ எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு நம்மூர் ரேடியோ ரிப்பேர்க் கடை சோணைமுத்துவிடம் போனேன். அவன் ஈ-சி-சி எண்பத்து மூன்று என்று எழுதிய ஒன்றை எடுத்து நீட்டினான். மலையாண்டியையா ஏமாற்றப் பார்க்கிறாய் என்று அவனை நடுத்தெருவில் வைத்து வறுத்தெடுத்துவிட்டு, பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். மதுரைக் கடைக்காரனும் அதே ஈ-சி-சியை நீட்டினான். ஒரே வால்வுக்கு அமெரிக்காவில் ஒரு பேர், ஐரோப்பாவில் ஒரு பேராம். இதை நீ சீட்டில் எழுதியிருந்தால் உன் விரல் தேய்ந்துபோயிருக்குமா? திரும்பி வந்து சோணைமுத்து முன்னால் நின்றேன். "என்னண்ணே வாரீக, மதுரையில வேற சாதி வால்வு கெடச்சுச்சா?" என்றான். அவன் வாயில் நான் விழுந்ததுக்கு நீதான் பொறுப்பு.

சரி, மாற்றுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போமே என்று சுவிட்சைப் போட்டேன். மாப்பிள்ளை, அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவேன்? நூறு படி ஈரக் கடுகைக் கொதிக்கும் எண்ணெயில் கொட்டினாற்போலப் பொரிந்தது. பக்கத்து வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதுதான், சாக்கோட்டை தாண்டித்தான் பிடித்தார்கள். அதைவிட ஆச்சரியம், பெட்டி சூடேற ஏற வீடெல்லாம் சந்தன வாசனை. உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "ஆத்தா வந்துட்டாடா" என்று பெட்டியின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் ஆம்ப்ளிபயரை ரிப்பேர் பார்க்க உட்கார்ந்தேன், அவள் அதற்குக் கோயில் கட்ட நின்றாள்.

பின்பலகையைக் கழற்றினேன். பெரிய வால்வு இரண்டும் உச்சந்தலையில் கறுப்பாகக் கருகியிருந்தன. குற்றவாளி இதுதான் என்று பிடித்தேன். அப்போதுதான் அந்த இரண்டு விரலும், குனிந்து பார்த்ததில் பாதி மீசையும். உடனே கை விடாதே என்று நீ எழுதியிருந்தாய், ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் கழித்து விட வேண்டும் என்று எழுதினாயா?

கையில் மாவுக்கட்டுப் போல வாழைப்பட்டை சுற்றிக்கொண்டு சோணைமுத்துவை வீட்டுக்கே கூட்டிவந்தேன். பெரிசைத் தொடாதீர்கள் என்றான். தகரக் குல்லாய் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் மூன்று சின்னதுகளைக் காட்டினான். "மொத வால்வு முணுமுணுத்தா நடு வால்வு பேசும்ணே, கடைசி வால்வு கத்தும். கத்துறவனப் புடிச்சு என்ன செய்ய?" என்றான். இந்த வீட்டில் மூன்று வருஷமாக நடப்பதை வால்வைப் பார்த்துச் சொல்லிவிட்டானே என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் குல்லாயைத் தூக்கினான். தூக்கியவன் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னான்.

கண்ணாடியில் சந்தனம், மாப்பிள்ளை. சந்தனத்தின் நடுவில் குங்குமம். இரண்டாவது குல்லாய், அங்கேயும். மூன்றாவதிலும். ஒரு பூச்சு அல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று. அடியில் இருந்தது பழுத்துச் செங்கல் நிறம், மேலே இருந்தது இந்த ஐப்பசிக்கு வைத்த மாதிரி மஞ்சள். பெரிய வால்வின் தலையில் நான் பார்த்த கரியும் இதுதான், சூட்டில் வெந்திருக்கிறது. சந்தனத்தோடு தீர்த்தமும் தெளித்திருக்கிறார்கள். அது வழிந்து சாக்கெட்டில் இறங்கி, ஒன்பது ஊசித் துளையிலும் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. அதுதான் அந்தக் கடுகுப் பொரியல்.

உன் அம்மாவைப் பிடித்தேன். "எனக்கு அந்த ஆணியக் கழட்டத் தெரியுமாடா? ஜாடி மூடியே நீதான தெறந்து தாரே" என்றாள். நியாயம்தான். பின்பலகையில் எட்டு ஸ்க்ரூ, அதற்குள்ளே குல்லாய், அதற்கும் உள்ளே வால்வு. பூசைக்கு யாராயிருந்தாலும் பெட்டியின் மேலே ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். மேலே வைப்பது பொட்டே இல்லை, உள்ளே வேலை செய்கிற உறுப்புக்குத்தான் வைக்க வேண்டும் என்று ஆயுத பூசையன்று ரைஸ்மில் மோட்டாரை அக்கக்காகக் கழற்றி, பேரிங் முதல் பெல்ட் புல்லி வரை சந்தனம் அப்பி, மறுநாள் மில் ஓடாமல் உட்கார்ந்திருக்கிற மனிதர் இந்த ஜில்லாவில் ஒருவர்தான் உண்டு.

நேராக மில்லுக்குப் போனேன். உன் அப்பா கருத்தையா அவர்கள் உமிக்குவியல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்ட தோரணை, கொலைக்குற்றம் விசாரிக்கிற ஜட்ஜ் தோரணை. "பெட்டிக்குள்ள சந்தனம் வச்சது நீங்களா மச்சான்?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அதுக்குள்ள தண்ணி படலாமா? வால்வு போச்சே. எதுக்கு வச்சீக?"

என்னைப் பார்க்கவே இல்லை. தவிட்டைக் கையில் அள்ளி ஊதிப் பார்த்தார். "ஆயுத பூசைக்கு வீட்டுல உள்ள தொழில் சாமானுக்கெல்லாம் வைக்கிறதுதானய்யா. ஒண்ண மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

தொழில் சாமான் என்றார், மாப்பிள்ளை. இதே மில் வாசலில் நாலு பேர் பார்க்க, 'டொய்ங் டொய்ங்னு கம்பியத் தட்டுறது ஒரு தொழிலாடா' என்று உன்னைக் கேட்டாரே, அந்த வாயால்தான் சொன்னார். நான் ஒருவன்தான் கேட்டேன். இதை உனக்கு எழுதச் சொல்லவில்லை. எழுதக் கூடாது என்றும் சொல்லவில்லை.

பிறகு சோணைமுத்து அரை நாள் உட்கார்ந்து சாக்கெட்டுகளைச் சுரண்டித் துடைத்தான். புது வால்வு மூன்றையும் நான்தான் போட்டேன். ஊசிக்கு நடுவே ஓரிடத்தில் அகல இடைவெளி விட்டிருக்கிறது பார், அதைத் துளையோடு பொருத்தி நேராக அழுத்த வேண்டும். இந்தக் கலையில் எனக்கு நிகர் ராமேசுவரம் முதல் ராயவேலூர் வரை இன்று ஒருவரும் இல்லை. சுவிட்சைப் போட்டோம். ஒரு முணுமுணுப்பு இல்லை. பென்சிலால் மூன்றையும் தட்டிப் பார்த்தோம், தட்டினால் தட்டின சத்தம், அவ்வளவுதான்.

கிட்டார்தான் உன்னோடு போய்விட்டதே. கல்யாண வீட்டு ரேடியோ செட்காரரிடம் ஒரு மைக்கை வாங்கி மாட்டினேன். என் குரல் அதில் கர்ஜித்ததைக் கேட்டு நானே பயந்தேன். அந்த நேரம் உன் அப்பா சாப்பாட்டுக்கு வந்தார். நீங்களும் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள் மச்சான் என்று கையில் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். துண்டை இடுப்பில் கட்டினார். மைக்கை வாயருகே கொண்டுபோனார். பிறகு தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு கானாடுகாத்தான் வரை கேட்டிருக்கும். அவ்வளவுதான். மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் மில்லுக்குப் போய்விட்டார். சோறு ஆறிப்போயிற்று என்று உன் அம்மாவிடம் திட்டு வாங்கியது நான்.

நேற்றைக்கு லாரி ஆபீஸில் சொல்லிவைக்கப் புறப்பட்டேன். காலையில் உன் அப்பா வழிமறித்து, "லாரியில போனா ஒடஞ்சிராதாய்யா?" என்றார். உடையாது மச்சான், வால்வைக் கழற்றித் துணி சுற்றித் தனியாக வைக்கலாம் என்றேன். மத்தியானம் மறுபடி, "வைக்கோல் வச்சாலும் ரோடு மோசமில்ல? ஒடஞ்சிராது?" என்றார். உடையாது என்றேன். விளக்கு வைக்கிற நேரம் பெட்டியின் பக்கத்தில் வந்து நின்றார். "கண்ணாடிச் சாமானாச்சே மலையாண்டி. ஒடஞ்சிரும்ல?"

நான் வாழ்க்கையில் எத்தனையோ புளுகியிருக்கிறேன். எல்லாம் சும்மா சிரிப்புக்கு. நேற்றுத்தான் ஒரு காரியத்துக்காகப் புளுகினேன். "ஆமா மச்சான், தூள் தூளாப் போயிரும். லாரியில ஏத்தவே முடியாது" என்றேன்.

"அப்பப் போட வேண்டாம்" என்றார். என்ன வேகமாகச் சொன்னார் என்கிறாய்!

ஆகையால் பெட்டி லாரியில் வராது. அறுவடை நெல்லுக்கு வண்டி போதவில்லை, லாரிக்காரன் ஸ்டிரைக், ரோட்டில் பாலம் இடிந்துவிட்டது, உனக்கு எந்தக் காரணம் பிடிக்குமோ அதை எடுத்துக்கொள். உன் குழுவில் தை பத்து என்றுதானே சொன்னார்கள்? போகிக்கு முந்தின நாள் ரயில் ஏறினால் பொங்கலுக்கு இங்கே இருந்துவிட்டு, நீயே மடியில் வைத்துக் கொண்டுபோகலாம்.

உன் அப்பா ஸ்டேஷனுக்கு வரமாட்டார். எந்த நாளானாலும் அவருக்கு மில்லில் வேலை இருக்கும். நீ வீட்டுக்கு வராதே, நேராக மில்லுக்குப் போ. மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் பேச வேண்டாம், அவரும் பேசமாட்டார். அந்தப் பெட்டிக்குள் எது எது எதற்கு என்று கேட்பார். கேட்டால் பொறுமையாகச் சொல். ஒன்றுக்கு மூன்று தடவை கேட்பார். மூன்று தடவையும் சொல்.

நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் இரு. அதில் இரண்டாவதை இந்த மாதத்துக்குள் காட்டு.

இப்படிக்கு,
உன் மாமன்
மலையாண்டி